எம்.ஏ. சோசியாலஜிக்கு அப்புறம்: வேலை தேடுகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

வேலை விளம்பரங்களில் ‘சமூகவியலாளர்’ என்ற சொல்லைத் தேடாதீர்கள். வருடத்துக்கு நாலோ ஐந்தோ கண்ணில் படும், அவ்வளவுதான். நான் இருபது வருடத்துக்கு மேல் இந்தப் படிப்பை வைத்துத்தான் சாப்பிடுகிறேன். கள மேற்பார்வையாளர், ஆராய்ச்சி உதவியாளர், கௌரவ விரிவுரையாளர், மறுகுடியமர்வு அலுவலர், சமூக மேம்பாட்டு நிபுணர் என்று பல பெயர்களில் சம்பளம் வாங்கியிருக்கிறேன். ‘சமூகவியலாளர்’ என்று போட்ட விசிட்டிங் கார்டு ஒரே ஒரு முறை கிடைத்தது. அதிலும் அச்சகத்தில் ‘சமூகவியளாளர்’ என்று அடித்துவிட்டார்கள். நூறு கார்டும் தீரும்வரை அப்படியே கொடுத்தேன். யாரும் கவனிக்கவில்லை.

அக்கா மகள் இப்போது எம்.ஏ. கடைசி செமஸ்டர். போன மாதம் வீட்டுக்கு வந்தவள், “சித்தி, ஜே.ஆர்.எஃப். கிடைக்கலன்னா அவ்வளவுதானா?” என்று கேட்டாள். தேசியத் தகுதித் தேர்வு வழியாக ஆய்வு மாணவர்களுக்குக் கிடைக்கிற உதவித்தொகைதான் இந்த ஜே.ஆர்.எஃப். அன்றைக்கு அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். எல்லாம் தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்துச் சொல்வது.

ஆரம்பத்திலேயே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சோசியாலஜி என்று சொன்னால் பத்தில் எட்டு பேர் “ஓ, எம்.எஸ்.டபிள்யூ.வா?” என்பார்கள். அது சமூகப்பணி முதுகலை, வேறு படிப்பு. கல்யாண வீட்டில் கேட்டால் தலையாட்டிவிட்டுப் போகலாம். விளம்பரத்தில் அப்படி விட முடியாது. மருத்துவமனை சமூகப்பணியாளர், மனநல சமூகப்பணியாளர் போன்ற இடங்களுக்குப் பெரும்பாலும் சமூகப்பணி முதுகலைதான் கேட்பார்கள். தகுதி என்ற கட்டத்தில் ‘சமூகப்பணி’ என்று மட்டும் இருந்தால் விண்ணப்பக் கட்டணத்தை மிச்சப்படுத்துங்கள். ‘சமூகப்பணி / சமூகவியல்’ என்று ஒரு சாய்கோடு இருந்தால் அது நம் இடம். அந்தச் சாய்கோட்டைத் தேடிப் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. கேரளத்தில் பிளஸ் டூவில் சோசியாலஜி ஒரு பாடம். சி.பி.எஸ்.இ.யிலும் உண்டு. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் கிடையாது. வரலாறு, பொருளாதாரம் படித்தவர்கள் பி.எட். முடித்து முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதிப் போகிற வழி நமக்கு அடைத்துக் கிடக்கிறது. அதனால்தான் இந்தப் படிப்பை முடித்த எல்லோரும் கல்லூரி வேலை என்கிற ஒரே வாசலில் போய் நெரிகிறார்கள்.

கல்லூரி வாசல்

நெட், அதாவது கல்லூரி ஆசிரியராவதற்கான தேசியத் தகுதித் தேர்வு, எழுதியே ஆக வேண்டும். இடையில் இதில் ஒரு பெரிய குளறுபடி நடந்தது. பல்கலைக்கழகத் துறைகளில் உதவிப் பேராசிரியர் ஆக பி.எச்டி. கட்டாயம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. 2018-ல் விதி போட்டது. 2021-ல் அமலுக்கு வரும் என்றார்கள், தள்ளிப்போட்டார்கள், 2023-ல் அதையே எடுத்துவிட்டார்கள். இப்போது நெட் அல்லது மாநில அளவிலான செட் தகுதித் தேர்வு இருந்தால் குறைந்தபட்சத் தகுதி வந்துவிடும். ஆனால் பி.எச்டி. இல்லாமல் போனால் ஆளெடுப்பில் அடிபடும், அதைக் கீழே சொல்கிறேன்.

நெட்டில் சோசியாலஜியின் பாட எண் 05. பொதுத் திறன் பார்க்கிற முதல் தாளில் 50 கேள்வி, நம் பாடத்துக்கான இரண்டாம் தாளில் 100, ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண், சேர்த்து மூன்று மணி நேரம். தவறான விடைக்குக் கழிவு கிடையாது, ஆகவே ஒரு கேள்வியையும் காலியாக விடாதீர்கள். நம்மவர்கள் இரண்டாம் தாளில் நன்றாகச் செய்துவிட்டு முதல் தாளில் கோட்டை விடுவார்கள். அட்டவணையைப் பார்த்துச் சதவீதம் கண்டுபிடிக்கிற கேள்வி வந்தால் கை நடுங்கும். எனக்கும் நடுங்கியது. மூன்றாவது தடவையில்தான் தேறினேன். கடைசியில் கைகொடுத்தது பக்கத்து வீட்டு எட்டாம் வகுப்புப் பையனின் கணக்குப் புத்தகம்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். ‘அந்நியமாதல்’ என்றால் உங்களுக்கு ஒரு மணி நேரம் பேசத் தெரியும், ஆனால் தாளில் ‘ஏலியனேஷன்’ என்று பார்த்ததும் ஒரு நொடி தடுமாறும். நூறு கேள்வியில் அந்த ஒரு நொடி நூறு முறை வரும். ஒரு நீள நோட்டு வாங்கி நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல் என்று முதல் செமஸ்டரிலிருந்தே எழுதி வாருங்கள். என் அக்கா மகளின் நோட்டில் நானூறு சொல்லுக்கு மேல் இருக்கிறது. அதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

தமிழ் வழியில் படித்ததற்கு லாபமும் உண்டு. அரசு வேலையில் 20 சதவீத இடம் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு முன்னுரிமை. பள்ளிக்கூடத்திலிருந்து அந்த வேலைக்குக் கேட்கும் பட்டம் வரை எல்லாமே தமிழ் வழியில் இருக்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியாக பி.எஸ்.டி.எம். சான்றிதழ் வாங்க வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். படித்த தொடக்கப்பள்ளியில் தலைமையாசிரியர் மாறியிருப்பார், பழைய பதிவேடு எந்த பீரோவில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

அப்படியே சாதிச் சான்றிதழையும் பாருங்கள். மாநில அரசின் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் நெட் தேர்வுக்கு உதவாது. அதற்கு மத்திய அரசின் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வேண்டும். மாநிலப் பட்டியலில் இருக்கிற சில சாதிகள் மத்தியப் பட்டியலில் இல்லை. விண்ணப்பத்தில் ஓ.பி.சி. என்று கட்டம் அடித்து, தேறியும் விட்டு, சரிபார்ப்பில் சான்றிதழ் இல்லாமல் விழித்தவர்கள் எனக்குத் தெரிந்தே இருவர்.

ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, அப்புறம் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. 2023 ஜனவரியிலிருந்து இந்தத் தொகைதான். பொதுப் பிரிவுக்கு வயது வரம்பு 30, பெண்களுக்கும் இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்து வருடம் கூடுதல். கிடைக்காவிட்டால் ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். உதவித்தொகை இருக்கிறது, மாதம் 20,000. சமூக அறிவியலுக்கென்றே 1969-லிருந்து இருக்கிற அமைப்பு. அதன் அறிவிப்பைப் பலர் பார்ப்பதே இல்லை. 2024 ஜூனிலிருந்து நெட் மதிப்பெண்ணை வைத்து பி.எச்டி. சேர்க்கையும் நடக்கிறது. அந்த ஜூன் தேர்வையே நடந்த மறுநாள் ரத்து செய்து திரும்ப வைத்தார்கள் என்பது வேறு கதை. ஆகவே தேர்வு முடிந்த அன்றைக்கே புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

பட்டத்தின் பெயர் அடுத்த கண்ணி. உங்கள் சான்றிதழில் ‘எம்.ஏ. சமூகவியல்’ என்று சுத்தமாக இருந்தால் கவலையில்லை. பயன்பாட்டுச் சமூகவியல், சமூக மானிடவியல், வளர்ச்சி ஆய்வுகள் என்று ஏதாவது ஒட்டு இருந்தால், அது சமூகவியலுக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லையென்றால் பல்கலைக்கழகம் வழியாக இணைத்தன்மைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது மாதக்கணக்கில் இழுக்கும். விளம்பரம் வந்த பிறகு தொடங்கினால் முடியாது.

இப்போது அனுபவச் சான்றிதழ். இதில் நான் பட்டதைச் சொல்லியே ஆக வேண்டும். 2003-ல் ஒரு தனியார் சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்தேன். மாதம் 4,500 ரூபாய், ஒரு காக்கி உறையில் போட்டுக் கையில் கொடுப்பார்கள். வாங்கியதற்கு ஒரு நோட்டில் கையெழுத்து. நியமன ஆணை கேட்டதற்கு “அதெல்லாம் அப்புறம் டைப் பண்ணித் தர்றோம்மா” என்றார் அலுவலக மேலாளர். மூன்று வருடம் வாரத்துக்கு பதினெட்டு மணி நேரம் வகுப்பெடுத்தேன். விலகும்போது லெட்டர்ஹெட்டில் ஒரு பத்தி எழுதிக் கொடுத்தார்கள், ‘நன்னடத்தை உடையவர்’ என்று. ஆசிரியர் தேர்வு வாரியத்துக்கு அந்தப் பத்தி செல்லாது. கல்லூரிக் கல்வி மண்டல இணை இயக்குநர், அதுதான் ஆர்.ஜே.டி., அவர் மேலொப்பம் வேண்டும். ஆர்.ஜே.டி. அலுவலகத்தில் என் பெயரே பதிவில் இல்லை. 2019-ல் வாரியம் 2,331 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு அறிவித்தபோது ஒரு வருட அனுபவத்துக்கு 2 மதிப்பெண், அதிகபட்சம் 15 என்று வைத்திருந்தது. என்னுடைய மூன்று வருடத்துக்கும் சேர்த்துப் பூஜ்யம்.

ஆகவே சேர்ந்த முதல் நாளே நியமன ஆணை கேளுங்கள். தரவில்லையென்றால் நீங்களே ஒரு பணியேற்புக் கடிதம் எழுதி முதல்வர் அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். சம்பளம் வங்கிக் கணக்கில்தான் வர வேண்டும் என்று சொல்லுங்கள். கால அட்டவணை, வருகைப் பதிவேட்டின் ஒரு பக்கம், தேர்வுப் பணி ஆணை, எல்லாவற்றையும் போனில் படமெடுத்து வையுங்கள். கூச்சப்படாதீர்கள். கூச்சப்பட்டதற்கு என்னவாயிற்று என்பதைத்தான் மேலே சொன்னேன்.

அந்த 2019 அறிவிப்பு கடைசிவரை போய்ச் சேரவில்லை. 2024-ல் 4,000 இடம் என்று புதிதாக வந்தது, எழுத்துத் தேர்வு உண்டு என்றார்கள். 2025-ல் 2,708 என்று இன்னொன்று. விதியும் எண்ணும் மாறிக்கொண்டே இருக்கும். மொத்த எண்ணைப் பார்த்து மலைக்காதீர்கள், அதில் தமிழ், ஆங்கிலம், கணிதம், வணிகவியல்தான் பெரும்பங்கு. நம் பாடத்துக்கு நேராக இருக்கும் எண்ணைப் பாருங்கள், அப்புறம் இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு முறை வைத்து இடம் ஒதுக்குகிற இனச்சுழற்சியில் எந்தப் பிரிவுக்கு என்று பாருங்கள். சின்னப் பாடங்களில் உங்கள் பிரிவுக்கு முறை வர பத்து வருடம் ஆகலாம்.

அதுவரை கௌரவ விரிவுரையாளர். அரசுக் கல்லூரியில் மாதம் 25,000, வருடத்துக்கு 11 மாதம். மே மாதம் சம்பளம் கிடையாது. ஒரு வகுப்புக்கு 1,500 வீதம் மாதம் 50,000 வரை தரலாம் என்று யு.ஜி.சி. 2019-லேயே சொன்னது. சொன்னதோடு சரி. நிரந்தர உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700, படிகள் தனி. அதே வகுப்பறை, அதே கரும்பலகை. என் கருத்தைக் கேட்டால், இரண்டு மூன்று வருடம் இருங்கள், அனுபவமும் கணக்கில் வரும், பாடமும் மனதில் படியும். அதற்கு மேல் ‘இந்த வருடம் நிரந்தரமாக்குவார்கள்’ என்ற பேச்சை நம்பி உட்காராதீர்கள். அப்படி உட்கார்ந்து நாற்பதைத் தாண்டியவர்கள் எனக்கு நண்பர்கள். அவர்களை ஏமாளிகள் என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு ஜூனிலும் ‘இந்தத் தடவை நிச்சயம்’ என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார்.

பல்கலைக்கழக நேர்காணலுக்கு ஆள் சுருக்கும்போது யு.ஜி.சி.யின் மதிப்பெண் அட்டவணை வரும். பி.எச்டி.க்கு 30. ஆய்வுக் கட்டுரை ஒன்றுக்கு 2, மொத்தம் 10-க்கு மேல் கிடையாது. அதாவது ஐந்து நல்ல கட்டுரை போதும். ஐந்தாயிரம் கொடுத்தால் அடுத்த வாரமே அச்சிடுகிறேன் என்கிற இதழ்களுக்கு இருபது கட்டுரை அனுப்பி என்ன பயன்? தரமான இதழ்கள் என்று வைத்திருந்த யு.ஜி.சி. கேர் பட்டியலைக்கூட 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டார்கள். இப்போது எது நல்ல இதழ் என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகமே பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் நெறியாளர் மதிக்கிற, சக ஆய்வாளர் படித்துத் திருத்திய பிறகே அச்சிடுகிற இதழாகப் பாருங்கள். 1952-லிருந்து வருகிற இந்தியச் சமூகவியல் சங்கத்தின் இதழில் ஒன்று வந்தால் அந்தக் காசு இதழ்களில் பத்து வந்ததற்குச் சமம். அதில் வருவது லேசில்லை, என் கட்டுரை இரண்டு முறை திரும்பி வந்தது.

நேர்காணலுக்குப் போகிறவர்கள் சொந்த மாவட்டத்தில் யார் யார் கிராம ஆய்வு செய்தார்கள் என்று படித்துவிட்டுப் போங்கள். நான் விழுப்புரம் பக்கம். 1916-ல் சென்னைப் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி விவரம் எடுக்க வைத்தார். அதில் ஒன்று எங்கள் பக்கத்து இருவேல்பட்டு. அப்புறம் பலர் அந்த ஊருக்குத் திரும்பத் திரும்பப் போய் ஆய்வு செய்திருக்கிறார்கள். ஒரு நேர்காணலில் இதைப் பற்றிப் பேசப் போய்ப் பதினைந்து நிமிடம் ஓடிவிட்டது. வேலை கிடைக்கவில்லை என்பது உண்மைதான், ஆனால் பேசியது நன்றாகப் போயிற்று.

உதவிபெறும் கல்லூரிகளில் சில இடங்களில் நடக்கிற லட்சக்கணக்குப் பேரத்தைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். என்னிடம் ஒருமுறை தொகை சொன்னார்கள், எழுந்து வந்துவிட்டேன். பணம் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

திட்ட வேலை

2009-ல் கல்லூரியை விட்டுச் சாலைத் திட்டம் ஒன்றில் சேர்ந்தேன். பிடிக்கும் என்று நினைக்கவில்லை. இப்போது கேட்டால், வகுப்பறையில் சொல்லிக்கொடுத்த சோசியாலஜி எல்லாம் எனக்கு உண்மையில் புரிந்தது அந்தச் சாலையோரத்தில்தான்.

இந்த வேலை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. உலக வங்கி 1974-ல்தான் முதன்முதலாக ஒரு சமூகவியலாளரை வேலைக்கு எடுத்தது. ருமேனியாவிலிருந்து வந்த மைக்கேல் செர்னியா. அணை கட்டும்போது, சாலை போடும்போது ஊரைவிட்டுக் கிளப்பப்படுகிறவர்கள் என்ன ஆகிறார்கள் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். 1980-ல் அதற்கென்று ஒரு கொள்கை வந்தது. இன்றைக்கு உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி ஆகியவற்றின் பணம் வருகிற எந்தத் திட்டத்திலும் சமூக விவகாரங்களைப் பார்க்க ஆள் வேண்டும். சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டம், மாநில நெடுஞ்சாலைகள், நகரக் குடிநீர், பாதாளச் சாக்கடை எல்லாவற்றிலும் இப்படித்தான்.

நம் நாட்டுச் சட்டத்திலும் ஓர் இடம் உண்டு. 2013-ன் நிலம் கையகப்படுத்தல் சட்டப்படி சமூகத் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும், அந்த அறிக்கையைப் பரிசீலிக்கும் நிபுணர் குழுவில் அரசு சாராத சமூக அறிவியலாளர் இருவர் இருக்க வேண்டும். இதைப் படித்துவிட்டு ‘நமக்கு வேலை கொட்டிக் கிடக்கிறது’ என்று துள்ளாதீர்கள். தமிழ்நாடு 105ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, மாநில நெடுஞ்சாலைச் சட்டம், தொழில் நோக்கங்களுக்கான சட்டம் உள்பட மூன்று மாநிலச் சட்டங்களின் கீழ் எடுக்கும் நிலத்துக்கு விலக்கு கொடுத்துக்கொண்டது. 2021-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. சாலையும் சிப்காட்டும் போனால் மீதி என்ன இருக்கிறது? ஆகவே இங்கே நம் பிழைப்பு சட்டத்தைவிடக் கடன் கொடுக்கிற வங்கியின் நிபந்தனையை நம்பித்தான் ஓடுகிறது. கடன் முடிந்தால் வேலையும் முடிந்தது.

அந்த வேலை எப்படி இருக்கும் என்று ஒரு நாளை வைத்துச் சொல்கிறேன். 2012, வட மாவட்டம் ஒன்றில் சாலை அகலப்படுத்தும் வேலை. பொறியாளர்களின் வரைபடத்தில் இடதுபுறம் ஓட்டு வீடு ஒன்று, ‘கட்டடம் 1, உரிமையாளர் 1’. எங்கள் கணக்கெடுப்புப் பையன் காலை பதினொரு மணிக்குப் போய் அதையே எழுதிக்கொண்டு வந்துவிட்டான். படிவத்தில் ‘முன்பக்கம் டீக்கடை’ என்று ஓரத்தில் கிறுக்கியிருந்தான். சந்தேகமாக இருந்தது. மாலை ஆறு மணிக்கு நான் போனேன். டீக்கடைக்காரர் வாடகைக்கு இருக்கிறார். கூரையின் நீட்டலுக்குக் கீழே ஓர் அம்மா இரும்பு அடுப்பை வைத்து இட்லி ஊற்றிக்கொண்டிருந்தார். டீக்கடைக்காரருக்கு நாளுக்கு முப்பது ரூபாய் கொடுக்கிறார், ஏழு வருடமாக. பின்கட்டில் உரிமையாளரின் தம்பி குடும்பம்.

“ஒரே அடுப்பா, தனி அடுப்பா?” என்று கேட்டேன்.

“அம்மா செத்த பிறகு தனிதாங்க” என்றார் தம்பி மனைவி. குடும்பம் என்பதற்கு எம்.ஏ.வில் நாங்கள் படித்த வரையறைகள் எல்லாவற்றையும்விட இந்தக் கேள்வி அங்கே வேலை செய்யும். கதவை எண்ணினால் ஒன்று. அடுப்பை எண்ணினால் இரண்டு. பிழைப்பை எண்ணினால் நாலு.

ஏன் இது முக்கியம் என்றால், வங்கி விதிப்படி பட்டா இல்லாதவருக்கும் உதவி உண்டு. நிலத்துக்குக் காசு கிடையாது, கட்டுமானத்துக்கும் பிழைப்புக்கும் உண்டு. ஆனால் கணக்கெடுப்பு தொடங்கும் தேதிக்கு முன் அங்கே இருந்தவராக இருக்க வேண்டும். பட்டியலில் விடுபட்டால், திட்டத்தைப் பொறுத்தவரை அந்த இட்லிக்கார அம்மா பிறக்கவே இல்லை. மறுநாள் உதவிப் பொறியாளர், “மேடம், அந்தம்மா தள்ளுவண்டி மாதிரிதானே, நகர்ந்துக்குவாங்க” என்றார். கெட்ட மனிதர் இல்லை, அவருக்கு அடுப்பு தெரியவில்லை, கட்டடம்தான் தெரிந்தது. ரேஷன் அட்டையில் வேறு முகவரி. ஆகவே பக்கத்துக் கடைக்காரர் இருவரின் கையெழுத்து, தேதியோடு ஒரு புகைப்படம், அந்த அம்மாவின் பெருவிரல் ரேகை என்று ஒரு தனிப் படிவம் போட்டேன். அந்த ஒரு கட்டடத்துக்கு நாலு படிவம். அதன் பிறகு எங்கள் குழுவில் எல்லாச் சந்தைப் பகுதிக்கும் இரண்டு வேளை போக வேண்டும் என்று விதியே வைத்தோம்.

இந்த வேலைக்கு வர நினைத்தால் படிக்கும்போதே சில கைத்தொழில்களைக் கற்றுக்கொள்ளுங்கள். பட்டா, சிட்டா, ‘அ’ பதிவேடு, புலப்படம் ஆகிய நில ஆவணங்களைப் படிக்கத் தெரிய வேண்டும். எந்தத் துறையிலும் இதைச் சொல்லித்தருவதில்லை. உங்கள் குடும்பத்துப் பத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடமோ சர்வேயரிடமோ ஒரு மதியம் உட்காருங்கள். போனில் கணக்கெடுக்க உதவுகிற கோபோ டூல்பாக்ஸில் கேள்விப் படிவம் அமைக்கப் பழகுங்கள், இலவசம்தான். எக்ஸெலில் பிவட் டேபிள் போடத் தெரிந்தால் குழுவில் உங்களை விடமாட்டார்கள். அப்புறம், இரண்டு பக்கத்தில் ஆங்கில அறிக்கை எழுதத் தெரிய வேண்டும். ஆய்வேடு மாதிரி வேண்டாம். ‘இந்த ஊரில் 46 குடும்பம், 11 பேருக்குப் பட்டா இல்லை, 3 பெண் தலைமைக் குடும்பம், இன்னது செய்ய வேண்டும்’ என்று எழுதினால் போதும்.

சுயவிவரத்தையும் அப்படியே எழுதுங்கள். ‘களஆய்வு அனுபவம் உண்டு’ என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எத்தனை கிலோமீட்டர், எத்தனை குடும்பம், எத்தனை கலந்தாய்வுக் கூட்டம், உங்கள் பொறுப்பு என்ன, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்று எழுதுங்கள். மாதம் முக்கியம், ஏனென்றால் இந்த உலகத்தில் சம்பளமே மேன்-மந்த், அதாவது ஓர் ஆள் ஒரு மாதம் செய்யும் வேலை என்ற கணக்குதான்.

ஒரு எச்சரிக்கை. கன்சல்டன்சி நிறுவனங்கள் டெண்டருக்குப் போகும்போது உங்கள் சுயவிவரத்தில் கையெழுத்து வாங்குவார்கள். வேலை கிடைத்த பிறகு உங்களை மறந்துவிட்டு, குறைந்த சம்பளத்துக்கு வேறு ஆளைப் போட முயல்வார்கள். எனக்கு இது நடந்தது. ஒரு நிறுவனம் என் பெயரைக் காட்டி டெண்டர் எடுத்தது எனக்கு எட்டு மாதம் கழித்து வேறொருவர் சொல்லித்தான் தெரியும். அதிலிருந்து கையெழுத்துப் போடும்போது திட்டத்தின் பெயர், தேதி இரண்டையும் என் கையாலேயே எழுதுகிறேன், சம்பளத்தொகையை மெயிலில் எழுதி வாங்குகிறேன். அதே காலத்துக்கு இன்னொரு நிறுவனத்துக்கும் கையெழுத்துப் போடுவதில்லை, அது தெரிந்தால் நம் பெயர்தான் கெடும்.

பி.எஃப். பெரும்பாலும் இருக்காது. தொழில்முறைக் கட்டணம் என்று 10 சதவீதம் டி.டி.எஸ். பிடிப்பார்கள், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து திருப்பி வாங்க வேண்டும். நான் முதல் இரண்டு வருடம் அதைச் செய்யாமலே விட்டேன். மருத்துவக் காப்பீடு சொந்தச் செலவு. இரண்டு திட்டங்களுக்கு நடுவில் நாலு மாதம் சும்மா இருக்க நேரிடும், அந்த நாலு மாதத்துச் செலவை எப்போதும் வங்கியில் வைத்திருங்கள். களத்துக்குப் போகிற பெண்கள் வேலையில் சேரும் முன்பே வண்டி, தங்குமிடம், உடன் வரும் ஆள் பற்றிப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். சேர்ந்த பிறகு கேட்டால் ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க’ என்பார்கள்.

மற்ற கதவுகள்

நேரடி அரசுப் பணியில் டி.என்.பி.எஸ்.சி.யின் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் தேர்வைக் கவனித்து வாருங்கள், அந்தத் தகுதிப் பட்டியலில் சமூகவியல் உண்டு. சென்னை சேத்துப்பட்டில் 1956-லிருந்து நடக்கிற காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தில் சமூக ஆய்வுக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது, அங்கே திட்டப் பணிக்கு அவ்வப்போது நேரடி நேர்காணல் வைப்பார்கள். 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதிவாரியாகவும் எடுக்கப்போகிறார்கள். அந்த எண்கள் வெளிவரும்போது அதைப் படித்து விளக்கத் தெரிந்தவர்களுக்குத் தேவை இருக்கும் என்று நினைக்கிறேன். இந்தியப் பொருளாதாரப் பணி, புள்ளியியல் பணித் தேர்வுகளில் நமக்கு இடமில்லை, அதில் நேரத்தைச் செலவிடாதீர்கள். ஆனால் சிவில் சர்வீஸ் முதன்மைத் தேர்வில் சோசியாலஜி 500 மதிப்பெண் விருப்பப் பாடம், எடுப்பவர்கள் ஏராளம். ஆகவே பயிற்சி மையங்களில் வகுப்பெடுக்க ஆள் தேடுகிறார்கள். இரண்டு திட்டங்களுக்கு நடுவில் இருந்த ஒரு கோடையை நான் அதில்தான் ஓட்டினேன். சமூகவியல் முன்னோடிகளான வெபரையும் துர்கைமையும் அவ்வளவு ஆர்வமாகக் கேட்ட மாணவர்களைக் கல்லூரியில் நான் பார்த்ததில்லை.

கல்லூரியா திட்டமா என்று இப்போதே முடிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் ஒன்றில் இருக்கும்போது இன்னொன்றுக்கான காகிதத்தைச் சேர்த்துக்கொண்டே இருங்கள். நான் திட்டத்தில் இருந்தபடியே பகுதிநேரமாக பி.எச்டி. முடித்தேன், ஏழு வருடம் ஆனது. வங்கி அறிக்கையில் இருக்கிற தரவை ஆய்வேட்டில் அப்படியே போட முடியாது, எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். அதையும் தாமதமாகத்தான் தெரிந்துகொண்டேன்.

அக்கா மகள் இதையெல்லாம் கேட்டுவிட்டுப் போய், மறுவாரமே கல்லூரி அலுவலகத்தில் பி.எஸ்.டி.எம். சான்றிதழுக்கு எழுதிக்கொடுத்தாள். போன செவ்வாய்க்கிழமை கிடைத்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினாள். பெருக்கிப் பார்த்தேன். முத்திரை சரி, கையெழுத்து சரி, தேதி சரி. பாடம் என்ற இடத்தில் ‘சமூகப்பணி’ என்று அடித்திருந்தார்கள். நாளைக் காலை முதல் வேலையாகத் திருத்தி வாங்கிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.